ஃபுட்பால் ஆடறவனுக்கு மட்டும் ஏன் இவ்ளோ துட்டு? கிரவுண்ட்ல அடிக்கடி கேக்கற கேள்விகள்

நான் வடசென்னை வியாசர்பாடி. காலைல அஞ்சே முக்கால்ல இருந்து ஏழரை வரைக்கும் பசங்களுக்கு ஃபுட்பால் சொல்லிக் குடுக்கறேன், அப்புறம் குளிச்சிட்டு ஹார்பர் பக்கம் லாரி புக்கிங் ஆபீஸ் வேலைக்கு ஓடுவேன். கிரவுண்ட் ஓரமா டீ குடிச்சினு நிக்கற அப்பாங்க, பக்கத்துல பாக்சிங் பழகற பசங்க, கேரம் ஆடற பொண்ணுங்களோட அம்மாங்கன்னு எல்லாரும் சுத்தி சுத்தி இதே கேள்வியத்தான் கேக்கறாங்க. ஒவ்வொருத்தருக்கா சொல்லி வாய் வலிக்குது, அதான் மொத்தமா எழுதி வெச்சிட்டேன்.

கேள்வி: சுத்தி வளைக்காம சொல்லுங்க மாஸ்டர். மத்த ஆட்டக்காரங்கள விட ஃபுட்பால் பிளேயருக்கு அதிகமா குடுக்கறது நியாயமா?

பட்ட கஷ்டத்துக்குக் கூலின்னு பாத்தா நியாயமே கெடையாது. பாக்சிங் பையன் ஒருத்தன் போட்டிக்கு முன்னாடி வெயிட்ட குறைக்கறதுக்கு சோறு தண்ணி பாக்காம ஸ்வெட்டர் மாட்டினு வெயில்ல ஓடுவான், அவன விட ஃபுட்பால் ஆடறவன் ஆயிரம் மடங்கு கஷ்டப்படறான்னு எவனாவது சொன்னா நானே சிரிச்சிடுவேன்.

ஆனா அந்தத் துட்டு எங்கேர்ந்து வருதுன்னு பாக்கணும்ல. ஆட்டத்த பாக்க வந்தவன் டிக்கெட்டுக்கும் டிவிக்கும் ஜெர்சிக்கும் குடுத்தது அது. அதுல தன் பங்க பிளேயர் வாங்காம விட்டான்னு வைங்க, அது ஓனர் பாக்கெட்டுக்குப் போவும், பாக்சர் வீட்டுக்கு மணியார்டர்ல வராது. அதனால மேல இருக்கறவன் வாங்கறத பாத்து எனக்கு வயித்தெரிச்சல் இல்ல. அதே ஆட்டத்த ஆடற கீழ இருக்கறவனுக்கு ஒண்ணாந்தேதி சம்பளம் வர மாட்டேங்குது பாருங்க, எனக்கு அதுதான் எரியுது.

கேள்வி: உண்மையிலயே ஃபுட்பால்காரன்தான் ஒலகத்துலயே அதிகமா வாங்கறானா?

மொத ஆளு ஃபுட்பால்தான். ஃபோர்ப்ஸ் பத்திரிகை 2025ல போட்ட லிஸ்ட்டுல ரொனால்டோ 27.5 கோடி டாலர், நம்ம துட்டுல 2,300 கோடிக்கு மேல. ஆனா அவருக்கு அடுத்தது பாஸ்கெட்பால் ஸ்டீஃபன் கரி 15.6 கோடி, அடுத்து பாக்சர் டைசன் ஃப்யூரி 14.6 கோடி, அதுக்கப்புறம் அமெரிக்கன் ஃபுட்பால் டாக் பிரெஸ்காட் 13.7 கோடி, அஞ்சாவதாத்தான் நம்ம மெஸ்ஸி, 13.5 கோடி. அந்த பிரெஸ்காட் ஆடறது கைல பந்த தூக்கினு ஓடற ஆட்டம், அதுக்கு ஏன் ஃபுட்பால்னு பேரு வெச்சான்னு என்ன கேக்காதீங்க. பேஸ்பால்ல யுவான் சோட்டோன்னு ஒருத்தர் 15 வருஷத்துக்கு 76.5 கோடி டாலர்னு கையெழுத்து போட்டிருக்காரு, நம்ம தெருவுல அவர் பேர கேட்டா யாரு கிரிக்கெட்டரானு கேப்பாங்க.

சராசரின்னு எடுத்தா அமெரிக்கா பாஸ்கெட்பால் லீக்தான் டாப்பு. ஒரு டீமுக்கு 15 பேர்தான், மொத்தம் 30 டீமு, சராசரி ஒரு ஆளுக்கு வருஷம் ஒரு கோடி டாலருக்கு மேல போவுது. ஃபுட்பால்ல ஒலகம் பூரா லட்சக்கணக்குல ஆடறான், அதுல நம்ம கண்ணுக்குத் தெரியறவன் நூறு பேரு.

கேள்வி: அவ்ளோ துட்டு எப்படி சேருது?

கூட்டம்தான், வேற ஒண்ணும் இல்ல. இங்கிலாந்து ப்ரீமியர் லீக் 2025-26 சீசன்லேர்ந்து 4 வருஷத்துக்கு டிவி உரிமைய வித்தது 670 கோடி பவுண்டுக்கு, அதுவும் அவங்க ஊருக்குள்ள காட்டறதுக்கு மட்டும். வெளிநாட்டுக் கணக்கு தனி, அதுல சனிக்கிழமை ராத்திரி எம்.கே.பி. நகர் மொட்டை மாடில ஒரே ஃபோன்ல ஆறு பேரு தலைய முட்டினு பாக்கறாங்களே அதுவும் அடக்கம்.

கூட்டம் இல்லைனா என்னாகும்னு பாக்கணும்னா 2018 ஜூன்ல மும்பைய பாருங்க. இந்தியா சைனீஸ் தைபேவ, அதான் தைவான் டீம, 5-0ன்னு அடிச்சது, சுனில் சேத்ரி ஹாட்ரிக், ஸ்டேடியத்துல இருந்தது 2,569 பேரு. நம்ம கிரவுண்ட்ல ஞாயித்துக்கிழமை ஃபைனலுக்கு நிக்கற கூட்டத்தோட கொஞ்சம்தான் ஜாஸ்தி. அந்த மனுஷன் வீடியோ போட்டு, திட்டறதுக்காவது வாங்கப்பான்னு கைய கூப்பி கேட்டாரு, அடுத்த மேட்ச் ஹவுஸ்ஃபுல். நாட்டோட கேப்டனே கூட்டத்துக்கு கையேந்தற எடத்துல மத்தவனுக்கு சம்பளம் எங்கேர்ந்து வரும்?

கேள்வி: அப்ப கூட்டம் வந்துட்டா துட்டு தானா பிளேயர் கைக்கு வந்துடுமா?

வராது. இங்கதான் நெறைய பேரு கோட்டை விடறாங்க. இங்கிலாந்துல ஒரு காலத்துல கிரவுண்டு ஃபுல்லா ஜனம் வரும், எல்லாரும் டிக்கெட் வாங்கித்தான் உள்ள வருவாங்க, ஆனா பிளேயருக்கு இவ்ளோதான் குடுக்கணும்னு சட்டம் போட்டு வெச்சிருந்தாங்க, 1961 வரைக்கும் அந்த உச்சவரம்பு வாரத்துக்கு 20 பவுண்டு. பிளேயருங்க யூனியனா சேந்து, ஜிம்மி ஹில்னு ஒரு பிளேயர் தலைமைல, ஸ்ட்ரைக் பண்ணுவோம்னு மெரட்டின பின்னாடிதான் அத எடுத்தாங்க. எடுத்த உடனே ஃபுல்ஹாம் டீமோட ஜானி ஹெய்ன்ஸுக்கு வாரம் 100 பவுண்டு. அதே ஆளு, அதே கால், அதே கூட்டம். போன வருஷம் அவர் நல்லா ஆடலயா இன்னா? அந்த மீதி துட்டு அதுவரைக்கும் எங்க போச்சு?

அடுத்தது பாஸ்மன் கேஸ். பெல்ஜியத்துல ஒரு சாதாரண பிளேயர், 1990ல காண்ட்ராக்ட் முடிஞ்சிடுச்சு, வேற க்ளப்புக்குப் போறேன்றாரு, பழைய க்ளப்பு டிரான்ஸ்ஃபர் துட்டு வந்தாத்தான் விடுவேன்னு புடிச்சி வெச்சிடுச்சு. காண்ட்ராக்ட்டே முடிஞ்சவன வாடகை பாக்கி வெச்சவன் மாதிரி சாமானோட உள்ள போட்டு பூட்டறது. கோர்ட்டு கோர்ட்டா ஏறி, 1995 டிசம்பர்ல ஐரோப்பிய நீதிமன்றம் காண்ட்ராக்ட் முடிஞ்சா ஐரோப்பிய யூனியனுக்குள்ள எங்க வேணா போலாம், க்ளப்பு துட்டு கேக்கக் கூடாதுன்னு தீர்ப்பு குடுத்துச்சு. அதுக்கப்புறம்தான் சம்பளம் ராக்கெட் மாதிரி ஏறுச்சு, ஏன்னா இப்ப க்ளப்புதான் பிளேயர தக்க வெச்சிக்க கெஞ்சணும். கேஸ் போட்ட பாஸ்மன் மட்டும் பெருசா எதுவும் சம்பாதிக்கல, கஷ்டப்பட்டுத்தான் போனாரு. நம்ம ஊர்லயும் யூனியன் ஆரம்பிச்சவனுக்கு மொதல்ல வேலை போவும், அவன் போட்ட வழில மத்தவன் போனஸ் வாங்குவான், அதே கததான்.

கேள்வி: ஐபிஎல்ல 27 கோடி குடுக்கறாங்களே, அது கொள்ளை இல்லயா?

ரிஷப் பந்துக்கு 2024 நவம்பர் ஏலத்துல லக்னோ குடுத்தது 27 கோடி. கேக்கும்போது தலை சுத்துது, எனக்கும்தான். ஆனா இந்தக் கணக்க ஒரு தடவ போட்டுப் பாருங்க. 2023லேர்ந்து 2027 வரைக்கும் அஞ்சு வருஷ டிவி, ஆன்லைன் உரிமை 48,390 கோடிக்குப் போச்சு, வருஷத்துக்கு 9,600 கோடிக்கு மேல. 2025 சீசன்ல ஒரு டீமுக்கு மேட்ச் ஃபீ எல்லாம் சேத்து பிளேயருங்களுக்குன்னு ஒதுக்கினது 146 கோடி, 10 டீமுக்கு 1,460 கோடி. அந்த டிவி துட்ட மட்டும் வெச்சிப் பாத்தாலே நூறு ரூபால பிளேயருக்கு வர்றது 15 ரூபா. ஸ்பான்சர், டிக்கெட்டெல்லாம் நான் சேக்கவே இல்ல. அமெரிக்கா பாஸ்கெட்பால்ல யூனியன் ஒப்பந்தப்படி லீக் வருமானத்துல ஏறக்குறைய பாதி பிளேயருக்கு. இத டீக்கடைல சொன்னா எவனும் நம்ப மாட்டேன்றான், கால்குலேட்டர எடுத்துக் காமிக்க வேண்டியதா இருக்கு.

கேள்வி: கபடி?

நல்ல உதாரணம். ஆட்டம் மாறல, நம்ம தாத்தா ஆடினதுதான். 2014ல ப்ரோ கபடி மொத சீசன்ல அதிகமா ஏலம் போனவர் ராகேஷ் குமார், 12.8 லட்சம். 2023ல பவன் செராவத் 2.6 கோடி. நடுவுல நடந்தது கீழ விரிக்கற மேட்டும் லைட்டும் டிவியும்தான்.

கேள்வி: என் பொண்ணு கேரம் ஆடறா மாஸ்டர். அதுல வேர்ல்ட் சாம்பியனாவே ஆனாலும் ஃபுட்பால் அளவுக்கு வராதா?

வராதுக்கா, பொய் சொல்ல விரும்பல. நம்ம புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகர் காசிமா 2024 நவம்பர்ல அமெரிக்கால நடந்த கேரம் உலகக் கோப்பைல மூணு தங்கம், சிங்கிள்ஸ், டபுள்ஸ், டீம். அப்பா ஆட்டோ ஓட்டறவரு. ஒலகத்துலயே நம்பர் ஒன்னு, அப்புறமா தமிழ்நாடு அரசாங்கம் ஒரு கோடி குடுத்துச்சு, சந்தோஷம். ஆனா நல்லா கவனிங்க, அது பரிசு, சம்பளம் இல்ல. பரிசு ஜெயிச்சப்புறம் வரும், ஆனா ஜெயிக்கற வரைக்கும் போர்டு, பவுடர், ட்ரெயின் டிக்கெட், போற ஊர்ல லாட்ஜு எல்லாம் வீட்டுத் துட்டுதான். ஃபுட்பால்ல பெரிய க்ளப்புல பெஞ்சுல உக்காந்தினு இருக்கறவனுக்கும் மாசாமாசம் அக்கவுண்ட்ல ஏறும், வித்தியாசம் அங்கதான்.

செஸ்ஸ எடுத்துக்குங்க. குகேஷ் 2024 டிசம்பர்ல சிங்கப்பூர்ல வேர்ல்ட் சாம்பியன் ஆனப்ப அவர் பங்கு 13.5 லட்சம் டாலர், நம்ம அரசாங்கம் 5 கோடி. 18 வயசுல அது பெரிய துட்டுதான், ஆனா அதையும் ரொனால்டோ 3 நாள்ல தாண்டிடுவாரு. மூளைக்கும் காலுக்கும் ரேட்டு போட்டது இல்ல அது, பந்து கோல் போஸ்ட்டுக்குள்ள போறது எல்லாருக்கும் புரியும், சிசிலியன் டிஃபென்ஸ்னு செஸ்ல ஒரு ஆட்ட முறை, அது எங்க தெருவுல ரெண்டு பேருக்குப் புரியும்.

கேள்வி: ஒலிம்பிக்ஸ்ல ஓடறவங்களுக்கு?

ஒலிம்பிக் கமிட்டி மெடல் மட்டும்தான் குடுக்கும், துட்டு கெடையாது. 2024 பாரிஸ்லதான் மொத மொதல்ல உலக தடகள அமைப்பு தன் கைலேர்ந்து தங்கத்துக்கு 50,000 டாலர் குடுத்துச்சு. நம்ம மாநிலத்துல ஒலிம்பிக் தங்கத்துக்கு 3 கோடின்னு வெச்சிருக்காங்க. நாலு வருஷத்துக்கு ஒரு தடவ, அதுவும் ஒருத்தனுக்கு.

கேள்வி: பொம்பள பசங்க ஃபுட்பால் ஆடினா?

அமெரிக்கா பெண்கள் டீம் 2019ல உலகக் கோப்பை ஜெயிச்சப்ப ஸ்டேடியமே சம சம்பளம் சம சம்பளம்னு கத்துச்சு, அப்புறம் கேஸ், கடைசில 2022ல 2.4 கோடி டாலருக்கு செட்டில் பண்ணாங்க. அவங்க நாட்டுல பொண்ணுங்க டீம்தான் கெத்து, அதனால கேக்க முடிஞ்சது. ஆனா ஒலக ஃபுட்பால் அமைப்பு ஃபிஃபா குடுக்கற பரிசு? ஆம்பளைங்களுக்கு 2022 உலகக் கோப்பைல மொத்தம் 44 கோடி டாலர், பொண்ணுங்களுக்கு 2023ல 11 கோடி. கூட்டம் கம்மின்னு காரணம் சொல்லுவாங்க, இங்கிலாந்துல 1921லேர்ந்து 50 வருஷம் பொண்ணுங்கள க்ளப்பு கிரவுண்டுல ஆடவே விடல, கேட்ட பூட்டிட்டு உள்ள ஏன் ஆளு இல்லன்னா எப்படி?

இங்க கிரிக்கெட்ல 2022 அக்டோபர்ல மேட்ச் ஃபீய சமமாக்கினாங்க, டெஸ்ட்டுக்கு 15 லட்சம், யாரு ஆடினாலும். என் கிட்ட காலைல வர்ற பொண்ணுங்க அஞ்சு பேரு, அதுல ரெண்டு பேரு வீட்டுல இன்னும் ட்யூஷன் போறதாத்தான் நெனச்சினு இருக்காங்க. இதுக்கு மேல இத பத்தி எழுதினா மாட்டிப்பேன்.

கேள்வி: பந்து ஒதைக்கறவனுக்குக் கோடி, ரோடு பெருக்கறவங்களுக்கு ஒண்ணுமில்ல. இத எப்படி ஒத்துக்கறீங்க?

ஒத்துக்கல. இந்தக் கேள்விய கேட்டவரோட சம்சாரம் கார்ப்பரேஷன்ல தூய்மைப் பணி, அதனால நக்கலா பதில் சொல்ல எனக்கு மனசு வரல. 2025 ஆகஸ்ட்ல ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத்து தூய்மைப் பணியாளருங்க, வேலைய தனியாருக்குக் குடுக்காதீங்க, எங்கள நிரந்தரமாக்குங்கன்னு கார்ப்பரேஷன் ஆபீஸ் ரிப்பன் மாளிகை வாசல்ல 13 நாள் ராப்பகலா உக்காந்தாங்க, கடைசி ராத்திரி போலீஸ் வந்து தூக்கினு போச்சு. அதே ஆகஸ்ட்லதான் பெங்களூரு எஃப்சி க்ளப்பு, நம்ம நாட்டு பெரிய ஃபுட்பால் லீக் ஐஎஸ்எல் நடக்குமா நடக்காதான்னே தெரியாம, பிளேயருக்கும் ஸ்டாஃபுக்கும் சம்பளத்த நிறுத்தி வெச்சது. இந்திய ஃபுட்பால் ஃபெடரேஷனுக்கும் லீக் நடத்தற கம்பெனிக்கும் 2010ல போட்ட 15 வருஷ ஒப்பந்தம் முடியற நேரம், புதுசா எதுவும் போடல, அதுல மாட்டினது பிளேயரு.

ரெண்டும் ஒண்ணுன்னு சொல்ல வரல, ஐஎஸ்எல் பிளேயர் கைல கொஞ்சமாவது சேமிப்பு இருக்கும். ஆனா ஊருக்கு எவ்ளோ அவசியமான வேலைன்றத வெச்சி யாருக்கும் கூலி போடறதில்ல. ஒரு நாள் குப்பை எடுக்கலன்னா வியாசர்பாடி நாறிடும், ஒரு நாள் மேட்ச் இல்லன்னா சீக்கிரம் தூங்குவோம், அவ்ளோதான். கூலி போடறது, நீ போனா உன் எடத்துல நிக்க வேற ஆளு கெடைப்பானான்றத வெச்சி. மெஸ்ஸி எடத்துக்கு ஆளு இல்ல. பெருக்கற வேலைக்கு கியூவுல நிக்கறாங்க, அதுவும் எங்க ஜனங்கதான் நிக்கறாங்க. அத மாத்தறது மெஸ்ஸி கைல இல்ல.

கேள்வி: முப்பத்தஞ்சு வயசுல கரியர் முடிஞ்சிடும், காலு ஒடஞ்சா அவ்ளோதான். அதுக்காகத்தான் அதிகமா குடுக்கறாங்கன்றாங்களே?

அது அழகா சொல்ற காரணம், உண்மையான காரணம் இல்ல. அப்படின்னா எங்க கால்வாய் ஓர கிரவுண்ட்ல கண்ணாடி சில்லுல ஆடறவனுக்குத்தான் அதிகம் வரணும். எனக்கு 26 வயசுல வலது முட்டி போச்சு, லிகமெண்ட். க்ளப்புலேர்ந்து வந்தது ஒரு பை ஆரஞ்சும் செகரட்டரியும்.

கேள்வி: சரி, நம்ம ஊர்ல ஆடினா எவ்ளோதான் கெடைக்கும்?

இப்பதான் விஷயத்துக்கு வந்திருக்கீங்க. போன மாசம் எங்க பசங்க ஒரு செவன்ஸ் டோர்னமெண்ட், அதான் சைடுக்கு ஏழு பேரு ஆடறது, ஜெயிச்சாங்க, ஃபர்ஸ்ட் ப்ரைஸ் 15,000 ரூபாயும் இடுப்பு ஒசரத்துக்கு ஒரு கப்பும். ராத்திரி பதினொன்றரைக்கு பெட்டிக்கடை ட்யூப்லைட் கீழ கேப்டன் துட்ட எண்ணறான். என்ட்ரி ஃபீ 1,500 கழிச்சான். டாட்டா ஏஸ் வாடகை 1,800. வெளியேர்ந்து கூட்டினு வந்த கெஸ்ட் பிளேயருக்கு பேசினபடி 2,000. பிரியாணி 2,200, அதுல முட்டைய வெச்சி ஒரு சண்ட. மீதி 7,500, பத்து பேரு, தலைக்கு 750. கோல்கீப்பர் க்ளவுஸ் கிழிஞ்சிடுச்சு அதுக்கு தனியா 200 குடுன்னு நிக்கறான், யாரும் கண்டுக்கல, கடைசில கேப்டன் தன் பங்குலேர்ந்து எடுத்துக் குடுத்தான். அந்தக் கப்ப எவன் வீட்டுல வெக்கறதுன்னு எடம் இல்லாம இப்போ எங்க வீட்டு பீரோ மேல இருக்கு, என் பொண்டாட்டி அதுல குடைய சொருவி வெச்சிருக்கா.

அதுக்கு மேல லீக். நானு ஆடின காலத்துல ஒரு க்ளப்பு, பேரு வேணாம், மாசம் 8,000 தர்றோம்னு சொல்லி கூப்பிட்டாங்க. பேப்பர் எதுவும் கெடையாது, நம்பிக்கைதான். ரெண்டு மாசம் கவர்ல வந்துச்சு, மூணாவது மாசம் செக்கு, அது பவுன்ஸு. நாலாவது மாசம் செகரட்டரி ஃபோன எடுக்கல. இது எனக்கு மட்டும் நடந்த கூத்து இல்ல. ஒலக பிளேயர் யூனியன் ஃபிஃப்ப்ரோ 2016ல ஏறக்குறைய 14,000 ப்ரொஃபஷனல் பிளேயருங்க கிட்ட விசாரிச்சாங்க, 45 சதவீதம் பேருக்கு மாச சம்பளம் 1,000 டாலருக்குள்ள, 41 சதவீதம் பேருக்கு அதுக்கு முந்தின ரெண்டு வருஷத்துல சம்பளம் லேட்டா வந்திருக்கு. அத படிச்சப்ப எனக்கு ஒரு அல்ப சந்தோஷம், பரவால்ல நாம தனி ஆளு இல்லன்னு.

நம்ம சைடுல உண்மையான சம்பளம்னா அது ஆபீஸ் டீம்தான். ரயில் பெட்டி செய்யற ஐசிஎஃப், சதர்ன் ரயில்வே, இந்தியன் பேங்க், இன்கம் டாக்ஸ், கஸ்டம்ஸ், ஏஜி ஆபீஸ், போலீஸ். ஸ்போர்ட்ஸ் கோட்டால உள்ள போய்ட்டா காலு நின்னாலும் சம்பளம் நிக்காது. மாநில அரசு வேலைல 3 சதவீதம் விளையாட்டுக்காரங்களுக்கு ஒதுக்கீடு இருக்கு. எங்க ஏரியால ஐசிஎஃப்ல சேந்தவன் வீட்டுக்குப் பொண்ணு குடுக்கற மாதிரி ஐஎஸ்எல் ஆடறவன் வீட்டுக்குக் குடுக்கறதுக்கு இன்னும் யோசிக்கறாங்க, 2025ல நடந்தத பாத்தா அந்த மாமியாருங்க சொன்னது தப்பில்லன்னுதான் தோணுது.

கேள்வி: அப்ப வியாசர்பாடில இருந்து யாரும் மேல போவலயா?

ஏன் போவல! தனபால் கணேஷ் சென்னையின் எஃப்சில ஆடி இந்தியா ஜெர்சி போட்டாரு. நந்தகுமார் சேகர், ஆட்டோ ஓட்டறவர் புள்ள, 2023 ஆகஸ்ட் 12ல டூரண்ட் கப்புல ஈஸ்ட் பெங்காலுக்கு ஆடி மோகன் பகானுக்கு ஒரு கோல் வெச்சாரு பாருங்க, ரைட்லேர்ந்து உள்ள வெட்டி லெஃப்ட் கால்ல, 1-0. ஒரே ஊரு டீமுங்க மோதற அந்த டெர்பிய நாலு வருஷத்துக்கு மேல ஜெயிக்காத டீமு, ஈஸ்ட் பெங்கால். கல்கத்தால பட்டாசு வெடிச்சாங்களோ இல்லியோ, கல்யாணபுரத்துல வெடிச்சாங்க.

கேள்வி: என் புள்ளைய அனுப்பலாமா வேணாமா?

அனுப்புங்கண்ணே, ஆனா ரொனால்டோ சம்பளத்த பாத்து அனுப்பாதீங்க. எவனாவது டீமுக்கு ஆளு எடுக்கற ட்ரையல்ஸ்னு சொல்லி 20,000 கேட்டா குடுக்காதீங்க, அது டபாய்க்கற வேலை, நல்ல க்ளப்பு எடுக்கணும்னு நெனச்சா துட்டு கேக்காது. காண்ட்ராக்ட்னு சொன்னா பேப்பர்ல கேளுங்க, அதுல சம்பளத் தேதி, அடிபட்டா ஆஸ்பத்திரி செலவு யாருது, நடுவுல விலகினா என்ன, இது மூணும் எழுதியிருக்கான்னு பாத்துட்டு கையெழுத்து போடச் சொல்லுங்க. பத்தாவது, பன்னண்டாவது பாஸ் பண்ண வைங்க, கோட்டால போறதுக்கும் மார்க் ஷீட்டு வேணும். எங்க கிரவுண்ட்லயே பெஸ்ட் லெஃப்ட் விங்கு, எடது ஓரமா ஓடி ஆடறவன் ஒருத்தன், பத்தாவது ஃபெயிலு, டிரையல்ஸ்ல எல்லாரையும் தூக்கி சாப்ட்டுட்டு வந்தான், சர்டிஃபிகேட் கேட்ட எடத்துல நின்னுட்டான். இப்ப ஃபுட் டெலிவரி, சிக்னல்ல வண்டிய வெட்டி ஓட்டறத பாத்தாலே தெரியும் விங்கருனு.

கேள்வி: மாஸ்டர், உங்களுக்கு எவ்ளோ குடுக்கறாங்க?

தலைக்கு மாசம் 200ன்னு வெச்சிருக்கேன். நாப்பத்திரெண்டு பசங்க, குடுக்கறவங்க பதினெட்டு, அதுல பந்துக்கும் கோனுக்கும் சுண்ணாம்புக்கும் போய்டும். போன வாரம் ஒரு பையனோட ஆயா, காசிமேட்டுல மீன் விக்கறவங்க, மூணு மாச ஃபீஸுக்கு பதிலா தூக்குவாளில சுறா புட்டு குடுத்தனுப்பிச்சாங்க. நோட்டுல அவன் பேருக்கு நேரா பெய்டுன்னு போட்டுட்டேன்.